ரிஜிஸ்டரில் இல்லாத ஆய்வகம்: தண்டையார்பேட்டையிலிருந்து மாதவரத்துக்கு ஓர் இடமாற்றம்

ஸ்டாக் ரிஜிஸ்டரில் 212 இரசாயனப் பாட்டில். அலமாரி, மேஜையடி, பரண், ஃபிரிட்ஜ், நச்சு ஆவியை இழுத்து வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டி என்று எல்லாவற்றையும் திறந்து எண்ணினால் 340. கூடுதலாக வந்த 128-இல் லேபிளே இல்லாதவை 31. ஆய்வகத்தை மூடுவதில் உள்ள உண்மையான வேலை இந்த 128 பாட்டிலும், பாட்டிலுக்குள்கூட இல்லாமல் குழாயிலும் ஹூட்டின் ஆவி வெளியே போகும் டக்டிலும் படிந்து கிடப்பவையும்தான். ரிஜிஸ்டரில் இருக்கும் 212-ஐ யார் வேண்டுமானாலும் கட்டி அனுப்பிவிடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் ஆய்வகம் குறிப்பிட்ட எந்தக் கல்லூரியுடையதும் அல்ல. வட சென்னையில் சுற்றுச்சூழல் வேதியியல் ஆய்வகம் ஒன்று வழக்கமாகச் செய்யும் வேலைகளை வைத்துக் கட்டிய மாதிரி நிகழ்வு இது. பாட்டில் எண்ணிக்கை மாதிரிக்கு உரியது. இரசாயனம், விதிகள், ஆண்டு சொல்லிக் குறிப்பிடும் வெளி நிகழ்வுகள் எல்லாம் உள்ளபடியே.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஐம்பது வயதைக் கடந்த ஒரு கட்டடம். முதல் மாடியில் ஆய்வகம், தரைத்தளத்தில் ஸ்டோர். எண்ணூர்க் கழிமுகத்துத் தண்ணீர், கொசஸ்தலை ஆற்றுப் படிவு, மணலிப் பக்கத்துக் கிணற்று நீர், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக் கசிவுநீர் எல்லாம் இங்கே வந்து சோதனையாகியிருக்கின்றன. தலைமைப் பேராசிரியர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். கட்டடம் பலமில்லை என்று அறிக்கை வந்துவிட்டது. மாதவரத்தில் புதிய கட்டடம் தயாராகிறது. நிர்வாகம் சொல்வது, ‘கோடை விடுமுறையில் லாரி பிடித்து மாற்றிவிடலாம்.’

இந்த ஒரு வாக்கியத்திலேயே இரண்டு தப்பு இருக்கிறது. அதற்கு வருமுன், இங்கே என்னென்ன இருக்கும் என்பதைப் பார்த்துவிடலாம். ரிஜிஸ்டரைப் பார்க்கத் தேவையில்லை. முப்பது வருடமாக என்ன சோதனை செய்தார்கள் என்று கேட்டாலே போதும்.

சோதனையிலிருந்து பின்னோக்கி

நீரில் கழிவு எவ்வளவு என்று பார்க்கும் சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) சோதனையை எடுத்துக்கொள்வோம். 20 மில்லி மாதிரிக்கு 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட், 10 மில்லி டைகுரோமேட், வெள்ளி சல்பேட் கலந்த கந்தக அமிலம் 30 மில்லி. 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட்டில் பாதரசம் மட்டும் 0.27 கிராம். ஒரு நாளைக்குப் பத்து சோதனை, வருடத்துக்கு 200 நாள் என்றால் 540 கிராம் பாதரசம். கழிமுகத்து நீரில் குளோரைடு அதிகம்; அது சோதனையைக் கெடுக்காமலிருக்க மெர்குரிக் சல்பேட்டைத் தாராளமாகவே போட்டிருப்பார்கள். அது எங்கே போனது? கேனில் சேர்த்து வைத்திருந்தால் நல்லது. சேர்த்து வைக்கவில்லை என்றால் சிங்க் வழியாகப் போயிருக்கிறது என்று பொருள்.

கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் பார்த்தவர்களிடம் ஆல்கலி-அயோடைடு-அசைடு கரைசல் இருக்கும். லிட்டருக்கு 10 கிராம் சோடியம் அசைடு. படிவில் கன உலோகம் பார்த்தால் நைட்ரிக்-பெர்குளோரிக் அமிலத்தில் வேகவைத்திருப்பார்கள். மணலையும் சேர்த்து முழுதாகக் கரைக்க வேண்டுமென்றால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். எண்ணெய்ப் பசை அளவிட ஈதர் வகைகள். பழைய முறையில் ஃபுளோரைடு பார்த்திருந்தால் தோரியம் நைட்ரேட். அது கதிரியக்கப் பொருள் என்பது அதை வாங்கியவருக்கே மறந்திருக்கும். பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் கேஸ் குரோமடோகிராஃபில் எலக்ட்ரான் கேப்சர் டிடெக்டர் இருந்தால் அதற்குள் கதிரியக்க நிக்கல்-63. மீன் செவுளைப் பதப்படுத்தப் புவான் கரைசல் போட்டிருந்தால் பிக்ரிக் அமிலம். அந்தக் கரைசலில் 75 பங்கு நிறைசெறிவு பிக்ரிக் அமிலம், 25 பங்கு ஃபார்மலின், 5 பங்கு அசிட்டிக் அமிலம். கரைசலாக இருக்கும்வரை கவலையில்லை. அதைத் தயாரிக்க வாங்கிய பொடிப் பாட்டிலில்தான் கவலை.

இப்படிப் பின்னோக்கிப் போய் ஒரு பட்டியல் எழுதி, அதைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைத் திறக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒரு பொருள் கண்ணில் படவில்லை என்றால் அது தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கோ இருக்கிறது.

யாரைக் கேட்பது

எந்தக் கல்லூரியிலும் ஆய்வகத்தின் உண்மையான ரிஜிஸ்டர் அட்டெண்டர்தான். பேராசிரியருக்குத் தன் ஆய்வு தெரியும். முன்பிருந்தவர் என்ன செய்தார் என்பது அட்டெண்டருக்குத்தான் தெரியும். இந்த மாதிரி நிகழ்வில் திருப்புமுனையாக வருவது இதுபோன்ற ஒரு பேச்சு:

“தம்பி, அந்த மூலை ஹூட்ல மட்டும்தான் பெர்குளோரிக் ஓட்டுவாங்க. மத்த ரெண்டுலயும் இல்ல.”

“எத்தனை வருஷமாண்ணா?”

“நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அப்படித்தான். டக்டை ஒரு தடவகூடக் கழட்டிப் பாத்ததில்ல.”

இந்த மூன்று வரி கிடைக்காமல் போயிருந்தால் டக்டைக் கழற்ற காண்ட்ராக்டரின் ஆள் சுத்தியலோடுதான் ஏறியிருப்பார். அது ஏன் ஆபத்து என்பது பின்னால் வரும்.

ஓய்வு பெறுபவரிடம் கையெழுத்து வாங்குவதும் இதே காரணத்துக்காகத்தான். கடைசி நாள் மாலை பொன்னாடை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் பூட்டிய அலமாரிக்குச் சாவி எங்கே என்று தேடுவதில் பயனில்லை. ஆறு மாதம் முன்பே அவரோடு அலமாரி அலமாரியாக நடக்க வேண்டும். எது தன்னுடையது, எது யாருக்குப் போகிறது, எது கழிவு என்று பாட்டில் வாரியாக எழுதி அவர் கையெழுத்திட வேண்டும். ஓய்வூதியக் கோப்பில் இணைக்கும் ‘பாக்கி இல்லை’ சான்றிதழில் நூலகத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இரசாயனத்துக்கும் ஒரு கட்டம் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆளில்லாத சரக்கு என்ன ஆகும் என்பதற்கு மணலியே சாட்சி. 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அமோனியம் நைட்ரேட் கன்டெய்னர்கள் அங்குள்ள சரக்கு முனையத்தில் ஐந்து வருடம் கிடந்தன. 2020 ஆகஸ்ட் 4-இல் இதே இரசாயனத்தால் லெபனானின் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. மீதமிருந்த ஏறக்குறைய 697 டன் அந்த மாதமே ஹைதராபாத்துக்கு ஏற்றப்பட்டது. நம் ஸ்டோரில் கிடப்பது டன் கணக்கில் இல்லை. கிடக்கும் காரணம் மட்டும் ஒன்றுதான்.

தொடக் கூடாதவை

எண்ணும் வேலையை இரண்டு பேர் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். முதல் சுற்றில் எந்த மூடியையும் திருகக் கூடாது. டார்ச் அடித்துப் பார்த்து, பெயர், அளவு, வாங்கிய தேதி, மூடியின் நிலை நான்கையும் எழுதினால் போதும்.

பிக்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் நனைத்து, எடையில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்படிதான் விற்கிறார்கள். சென்னை வெயிலில் பத்து வருடம் கிடந்தால் அந்த ஈரம் போய்விடும். பாட்டிலைத் தொடாமல் பார்க்கும்போது உள்ளே மஞ்சள் பொடி உலர்மணல் போலத் தெரிந்தாலோ, மூடியின் மரையைச் சுற்றி மஞ்சள் பொருக்குப் படிந்திருந்தாலோ, மூடி உலோகமாக இருந்தாலோ வேலை அங்கேயே நிற்க வேண்டும். உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் பிக்ரேட்டுகள் பிக்ரிக் அமிலத்தைவிட உராய்வுக்கு எளிதில் வெடிக்கும். மூடியைத் திருகுவதே போதுமான உராய்வு. அறையைப் பூட்டி, காவல்துறையின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவுக்குத் தகவல் சொல்வது மட்டுமே ஆய்வகத்தின் வேலை. தண்ணீர் ஊற்றிச் சரிசெய்துவிடலாம் என்று துணியும் துணிச்சல்காரர் ஒவ்வொரு துறையிலும் ஒருவர் இருப்பார். அன்றைக்கு அவருக்கு வேறு வேலை கொடுத்துவிடுவது நல்லது.

ஈதர் வகைகள் காற்றுப் பட்டால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு கட்டும். ஐசோபுரோபைல் ஈதர் என்றால் திறந்த மூன்று மாதத்தில் தூக்கிவிட வேண்டும். டைஎத்தில் ஈதர், டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான்) இரண்டும் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் தாங்கும். திறந்த தேதி எழுதாத பாட்டில் காலாவதி ஆனதாகவே கணக்கு. அடியிலோ மூடியிலோ படிகம் தெரிந்தால் பிக்ரிக்குக்குச் சொன்ன அதே நடைமுறை. படிகம் இல்லாமல் தேதியும் நியாயமாக இருந்தால் மட்டும் சோதனைப் பட்டையில் பார்க்கலாம். 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டியதைக் காய்ச்சி வடிக்கவோ லாரியில் ஏற்றவோ கூடாது. ‘ஃபிரிட்ஜில் வைத்தால் போயிற்று’ என்பதும் ஆபத்து. வீட்டு ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட்டும் உள்விளக்கு சுவிட்சும் பொறி விடும். ஈதர் ஆவிக்கு அதுவே போதும்.

லேபிள் இல்லாத 31-ஐ ஒவ்வொன்றாகப் பிரிக்கும் வேலை இரண்டாம் சுற்றில். படிகமோ வீக்கமோ இல்லாதவற்றை மட்டும் ஹூட்டுக்குள் வைத்துத் திறக்க வேண்டும். பி.எச். தாள், தண்ணீரில் கலக்கிறதா, மிதக்கிறதா, மூழ்குகிறதா, ஸ்டார்ச்-அயோடைடு தாளில் ஆக்சிகரணி காட்டுகிறதா, பெராக்சைடு உண்டா. இவ்வளவு தெரிந்தாலே எந்தப் பெட்டியில் போடுவது என்று முடிவு செய்துவிடலாம். முழு அடையாளம் காணும் ஆராய்ச்சி வேண்டாம். அதைக் கழிவு மையம் தன் பகுப்பாய்வில் பார்த்துக்கொள்ளும். அதற்கு அவர்கள் தனிக் கட்டணம் போடுவார்கள் என்பதால், லேபிள் ஒட்டச் சோம்பல்பட்டதற்கு இப்போது பாட்டில் வாரியாகக் காசு கட்ட வேண்டியிருக்கும்.

மூலை ஹூட்டின் டக்ட்

இந்த நிகழ்வில் அதிக நாள் பிடித்ததும் அதிக ஆபத்து இருந்ததும் இங்கேதான். கல்லூரிகளில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு.

பெர்குளோரிக் அமிலம் 72 சதவீதச் செறிவில் 203 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஹாட் பிளேட்டில் படிவை வேகவைக்கும்போது ஆவி மேலே போய், குளிர்ந்த டக்ட் சுவரில் படியும். அங்கே தூசி, எண்ணெய்ப் பசை, இணைப்பு ரப்பர், துருப்பிடித்த போல்ட் எல்லாம் இருக்கின்றன. வருடக்கணக்கில் இவற்றோடு சேர்ந்து பெர்குளோரேட்டாகிறது. தட்டினாலோ உரசினாலோ வெடிக்கக்கூடிய பொருக்கு அது. இதற்கென்றே உள்ள ஹூட்டில் டக்டுக்குள் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு இருக்கும். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் கழுவிவிடுவார்கள். பழைய கட்டடத்தின் சாதாரண ஹூட்டில் அது கிடையாது.

கழற்றும் முன் சோதனை. டக்டின் உட்பக்கத்தை எட்டும் தூரம்வரை தண்ணீரால் நனைத்து, வழிந்த நீரைப் பிடித்து, 0.2 சதவீத மெத்திலீன் நீலக் கரைசலைச் சில துளி விட வேண்டும். ஊதா நிறத்தில் வீழ்படிவு வந்தால் பெர்குளோரேட் உண்டு. இந்த நிகழ்வில் ஹூட்டின் வாயில் எடுத்த நீரில் ஒன்றும் வரவில்லை; முதல் வளைவுக்கு மேலே எடுத்ததில் ஊதா வந்தது. ஒரே இடத்தில் சோதித்துச் சுத்தம் என்று எழுதிவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. ஆவி கொதிக்கும் இடத்தில் படியாது. குளிரும் இடத்தில்தான் படியும். வளைவு, இணைப்பு, ஃபேனின் இறக்கை, மொட்டைமாடிக் குழாயின் மூடி என்று எல்லா இடத்திலும் எடுக்க வேண்டும்.

ஊதா வந்துவிட்டால் மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் விட்டு மணிக்கணக்கில் கழுவ வேண்டும். ஃபேனை அணைத்து, மின் இணைப்பையே பிரித்துவிட வேண்டும். கழுவிய நீரை ஹூட்டின் அடியில் தொட்டி வைத்துப் பிடிக்க வேண்டும். வழக்கமான சாக்கடைக்கு விடக் கூடாது. திரும்பச் சோதித்து, எங்கேயும் ஊதா வராதவரை நிறுத்தக் கூடாது. பிறகு டக்டை ஈரத்தோடேயே, பொறி விடாத கருவிகளால் கழற்ற வேண்டும். ஆங்கிள் கிரைண்டர், வெல்டிங், சுத்தியல் மூன்றும் அந்தத் தளத்துக்கே வரக் கூடாது. இந்த நிகழ்வில் டக்ட் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்; ஆகவே ஈரமாகக் கழற்றுவதற்கு இரண்டாவது காரணமும் சேர்ந்துகொண்டது. உடைக்காமல் இறக்கி, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். புன்சன் பர்னர் முக்காலியில் கிடக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கம்பிவலைகளும் இதே மூட்டையில்.

சிங்குக்குக் கீழே

விங்க்ளர் கரைசலின் மிச்சத்தைச் சிங்கில் ஊற்றியிருந்தால் அதிலுள்ள அசைடு, ஈயக் குழாயோடும் பித்தளை வளைவோடும் சேர்ந்து ஈய அசைடு, தாமிர அசைடு ஆகும். இரண்டுமே வெடிபொருள். அமெரிக்காவில் மருத்துவமனை ஆய்வகக் குழாய்கள் இப்படி வெடித்த பிறகு, அங்குள்ள தொழில்நல ஆய்வு நிறுவனமான நையாஷ் 1976-லேயே எச்சரிக்கை வெளியிட்டது. குழாயை அறுக்க வரும் பிளம்பருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. எனவே யூ-வளைவில் உள்ள நீரை முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை நிரப்பிக் குறைந்தது 16 மணி நேரம் விட்டு, அதன் பின் 15 நிமிடம் தண்ணீர் ஓடவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.

மீதமிருக்கும் அசைடு கரைசலை அழிப்பதில் வரிசை மாறக் கூடாது. முதலில் சோடியம் நைட்ரைட், பிறகு மெல்ல அமிலம். மாற்றி அமிலத்தை முதலில் ஊற்றினால் ஹைட்ரசோயிக் அமில ஆவி வரும். நச்சும் அதுவே, வெடிப்பதும் அதுவே. ஹூட்டுக்குள் வேதியியல் தெரிந்தவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது.

யூ-வளைவைக் கழற்றி வாளியில் கவிழ்த்தால் பெரும்பாலும் சாம்பல் நிறச் சேற்றோடு பாதரச மணிகளும் விழும். உடைந்த தெர்மாமீட்டர், சி.ஓ.டி. கழிவு என்று எதுவானாலும் எடைமிக்கது அடியில்தான் தங்கும். வாளி இல்லாமல் கழற்றினால் தரைப் பிளவில் ஓடிவிடும். பிறகு தரையையே பெயர்க்க வேண்டும்.

கண்டம், ஏலம், காயலான் கடை

பழைய கருவிகளைக் கண்டம் செய்து, அதாவது பயனற்றவை என்று எழுதி, ஏலம் விடுவது கல்லூரிக்கு வருமானம். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையும் 1985-க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாத காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்றை 2010 பிப்ரவரியில் இப்படித்தான் ஏலம் விட்டது. உள்ளே கதிரியக்கக் கோபால்ட்-60. மாயாபுரி இரும்புச் சந்தையில் அதை உடைத்தார்கள். பலர் நோயுற்றார்கள், ஏப்ரலில் ஒருவர் இறந்தார். அந்தக் கருவி திருடு போகவில்லை. குழு கூடி, கையெழுத்தாகி, முறைப்படி ஏலம் போனது.

நம் கேஸ் குரோமடோகிராஃபின் நிக்கல்-63 அந்த அளவு ஆபத்தானது அல்ல. கதிரியக்கம் 10 முதல் 15 மில்லிகியூரி. அதன் பீட்டாக் கதிர் தோலைக்கூடத் தாண்டாது. ஆனால் அரை ஆயுள் சுமார் 100 ஆண்டு. வியாசர்பாடிக் காயலான் கடையில் யாராவது டிடெக்டரை உடைத்து ஃபாயிலை உரசினால் துகள் உடலுக்குள் போகும். எனவே கருவி கண்டமானாலும் டிடெக்டர் கண்டமாகாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈ-லோரா தளத்தில் பதிவைச் சரிபார்த்து, அனுமதி பெற்று, தயாரித்த நிறுவனத்துக்கோ அனுமதிபெற்ற இடத்துக்கோ அனுப்ப வேண்டும். இந்தக் கடிதப் போக்குவரத்துதான் பல ஆய்வகங்களில் கடைசிவரை இழுக்கும். முதல் வாரமே தொடங்குவது நல்லது. தோரியம் நைட்ரேட்டும் அதே கடிதத்தில் போகட்டும்.

மற்ற கருவிகளில் பெரிய சிக்கல் இல்லை. ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் வடித்து, எதனால் மாசுபட்டிருந்தது, யார் சுத்தம் செய்தார் என்று ஒரு அட்டை கட்டிவிட வேண்டும். அட்டை இல்லாததை லோடுமேன் தொடக் கூடாது என்று அவரிடமே சொல்லிவிடலாம். கோலிஃபார்ம் பாக்டீரியா வளர்த்த தட்டுகளை ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்தில் 121 டிகிரியில் போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

உலோக அளவு பார்க்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானிக்குப் போகும் அசிட்டிலீன் லைனை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். தாமிரக் குழாய் போட்டிருந்தால் வெடிக்கக்கூடிய தாமிர அசிட்டிலைடு உருவாகியிருக்கலாம். புதிய இடத்தில் எஃகு மட்டும். சிலிண்டரைக் கல்லூரி தூக்கிச் செல்லத் தேவையில்லை. வாயு ஏஜென்சி எடுத்துப்போய், புதிய இடத்தில் வேறு கொடுக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வு மூடியைத் திருகி, செங்குத்தாக நிறுத்திக் கொடுக்க வேண்டும். வெற்றுச் சிலிண்டரே 50 கிலோவுக்கு மேல். அதை மீன்பாடி வண்டியில் கிடத்தி, கயிறுகூடக் கட்டாமல் ரயில்வே கேட் தாண்டிக் கொண்டுபோவது வட சென்னையில் அன்றாடக் காட்சி. வால்வு உடைந்தால் சிலிண்டர் ராக்கெட்டாகிவிடும்.

கழிவும் காகிதமும்

2016 அபாயக் கழிவு விதிகளின்படி கழிவைச் சேர்த்து வைக்க 90 நாள்தான் அவகாசம். பல கல்லூரிகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரமே வாங்கியிருக்காது. படிவம் 1-இல் விண்ணப்பித்து அது வரும்வரை எதுவும் நகராது. ஆறு மாதம் முன்பே தொடங்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். நம் பக்கத்துக்குக் கழிவு போகும் இடம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் உள்ள பொது அபாயக் கழிவு மையம்.

சி.ஓ.டி. கழிவை இங்கேயே சுத்திகரிக்கலாமா என்ற கேள்வி வரும். வெள்ளியைக் குளோரைடாக வீழ்த்தி, குரோமியத்தை ஒடுக்கி, பாதரசத்தைச் சல்ஃபைடாக்கி என்று பாடப்புத்தகத்தில் வழி இருக்கிறது. மூடும் ஆய்வகத்தில் அதைச் செய்ய வேண்டாம். ஆள் குறைவு, நேரம் குறைவு, அமிலம் அதிகம். சேறு வேறு புதிதாகச் சேரும். உள்ளபடியே எச்.டி.பி.இ. என்னும் கெட்டி பிளாஸ்டிக் கேனில் அனுப்புவது நல்லது. 20 லிட்டர் கேன் 25 கிலோ அளவுக்குக் கனக்கும் என்பதால் இரண்டு பேர் தூக்க வேண்டும். கழுத்துவரை நிரப்பக் கூடாது. சயனைடு கழிவு அதே அறையில்கூட இருக்கக் கூடாது.

கழிவோடு போகும் படிவம் 10-க்கு ஏழு நகல். வெள்ளையை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். மஞ்சள் நம்மிடம் இருக்கும். இளஞ்சிவப்பு பெறும் மையத்துக்கு, ஆரஞ்சு லாரிக்காரருக்கு. பச்சையை மையம் வாரியத்துக்கு அனுப்பும், நீலத்தை நமக்குத் திருப்பி அனுப்பும். சாம்பல் வேறு மாநிலத்திலிருந்து வரும் கழிவுக்கு. லாரி கேட்டைத் தாண்டியதும் வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். நீல நகல் வந்து சேரும்வரை கழிவு நம்முடையதுதான்.

சாராய வகையறாவும் ஒரு கண்ணி. ஆப்சொல்யூட் ஆல்கஹாலுக்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை தரும் உரிமம் குறிப்பிட்ட இடத்துக்கானது. மாதவரத்துக்கு மாற்றி வாங்காமல் பாட்டிலை ஏற்றினால், வழியில் மறித்தவரிடம் ‘லேப் சார்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

எப்போது, எப்படி ஏற்றுவது

கோடை விடுமுறை என்ற முதல் தப்புக்கு வருவோம். டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. அந்த நாட்களில் மூடிய லாரிக்குள் வெப்பம் ஈதரின் கொதிநிலையைத் தாண்டிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை. மணலிச் சாலையிலும் கொடுங்கையூர்ப் பக்கமும் முழங்கால் தண்ணீரில் லாரி நின்றால் அமிலக் கேன்களோடு என்ன செய்வது? தை பிறந்து பங்குனிக்குள் முடிப்பதுதான் சரி. வகுப்பு நடக்கும் காலம்தான், சிரமம்தான். ஆபத்தான சரக்கை மட்டும் பிப்ரவரியிலேயே அனுப்பிவிட்டு, மேஜை நாற்காலியைக் கோடையில் மாற்றிக்கொள்ளலாம். ஞாயிறு விடிகாலை ஏற்றினால் நெரிசல் நேர லாரித் தடையும் குறுக்கே வராது, எண்ணூர்ப் பக்கத்து கன்டெய்னர் வரிசையும் குறைவு.

இரண்டாவது தப்பு ‘லாரி பிடித்து’ என்பது. வீடு மாற்றும் லாரி இதற்கு ஆகாது. ஆபத்தான சரக்கு ஏற்ற ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சிச் சான்று வேண்டும். அவர் கையில் என்ன சரக்கு, சிந்தினால் என்ன செய்வது என்ற அவசரக் குறிப்பு அட்டை தமிழில் இருக்க வேண்டும். அமிலமும் காரமும் ஒரே பெட்டியில் போகக் கூடாது. ஆக்சிகரணியும் கரைப்பானும் ஒரே வண்டியில்கூடப் போகக் கூடாது. பெட்டிக்குள் இடைவெளியை நிரப்ப வைக்கோல், மரத்தூள், பேப்பர் எல்லாம் கண்ணாடிச் சாமானுக்கு. நைட்ரிக் அமிலப் பாட்டில் அவற்றுக்குள் உடைந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெர்மிகுலைட் என்னும் தீப்பிடிக்காத கனிமத் துகள் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் உலர்மணல். மணல் கனம் என்பதால் சின்னப் பெட்டி. ஹைட்ரோஃபுளோரிக் மட்டும் மணலுக்குள் போகக் கூடாது, அது மணலைத் தின்னும். பிளாஸ்டிக் பாட்டில், பிளாஸ்டிக் பெட்டி, பக்கத்தில், அமிலம் தோலில் பட்டால் தடவ, கால்சியம் குளுக்கோனேட் 2.5 சதவீதக் களிம்பு. களிம்பின் காலாவதித் தேதியைப் பார்ப்பதும் வேலைதான்.

மாதவரத்தில் ஹூட் ஓடாமல், கண் கழுவும் குழாயில் தண்ணீர் வராமல் ஒரு பாட்டிலும் இங்கிருந்து கிளம்பக் கூடாது. ஹூட்டின் முகத்தில் காற்று நொடிக்கு 0.5 மீட்டர் அளவில் இழுக்கிறதா என்று காற்றுமானியால் அளக்க வேண்டும். கண் கழுவி 15 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். இந்த நிகழ்வில் ஹூட் நன்றாகவே இழுத்தது. ஆனால் புகைப்போக்கி முடிந்த இடம், பக்கத்து வகுப்பறைக்குக் காற்று எடுக்கும் ஏ.சி. வாய்க்கு நேரே. அதைச் சரிசெய்ய மூன்று வாரம். ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற சோதனைகள் இருந்தால் முகவரி மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்து, கருவிகளைப் புதிய இடத்தில் திரும்ப அளவீடு செய்துவிட்டுத்தான் அறிக்கை கொடுக்க முடியும்.

கடைசியாகக் கிடைத்தது

மேஜைகள் எடுத்தாகிவிட்டன, குழாய்கள் கழுவியாகிவிட்டன, சாவி ஒப்படைக்க நாள் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் பிளம்பர் வரைபடத்தில் ஒரு சதுரத்தைக் காட்டினார். ஸ்டோருக்குப் பின்னால், மண்மூடிய சிமெண்ட் பலகைக்கு அடியில், பழைய காலத்து நடுநிலையாக்கும் தொட்டி. ஆய்வகச் சாக்கடை அதில் விழுந்து, சுண்ணாம்புக் கற்கள் வழியே கசிந்து வெளியே போகும் அமைப்பு. கற்கள் கரைந்து போயிருந்தன; அடியில் இரண்டு அடிக்குச் சேறு. சிங்க் வழியாகப் போன பாதரசம் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

சேற்றை அப்படியே மண்ணால் மூடிவிடலாம் என்று கட்டடக் காண்ட்ராக்டர் சொன்னார். மாதிரி எடுத்து, பாதரசம் உறுதியானதும் மூடி போட்ட டிரம்களில் அள்ளி, தொட்டியின் சுவரைக் கழுவி, கழுவிய நீரையும் டிரம்மில் பிடித்தார்கள். கழிவு அங்கீகாரத்தில் எழுதியிருந்த அளவைவிட இது கூடுதல் என்பதால் வாரியத்துக்குத் திரும்பவும் ஒரு கடிதம் போனது. அந்த டிரம்களுக்கான நீல நகல் வந்த பிறகுதான் சாவி கைமாறியது. சாவியோடு ஒரு பக்கத் தாளும்: எந்த டக்ட் கழுவியது, எந்தக் குழாய் காரம் நிரப்பியது, எங்கே ஆஸ்பெஸ்டாஸ் மீதம், தொட்டி எங்கே. கட்டடத்தை இடிக்க வருபவர் படிக்கும்படி தமிழில், பெரிய எழுத்தில்.